பழைய மின்னஞ்சல் பெட்டி மூடப்படும் முன்

இணைய இணைப்போடு சேர்ந்து வந்த மின்னஞ்சல் முகவரியை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். அந்தச் சேவையை நிறுத்தப்போவதாக நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்ததும் எழுதிக் கேட்டவர்களுக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம். இது புதிதாக நடப்பதல்ல. மலேசியாவின் முதல் இணையச் சேவை நிறுவனமான ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் வெரைசன், நியூசிலாந்தில் வோடஃபோன் இரண்டும் 2017இல் தங்கள் மின்னஞ்சல் சேவையிலிருந்து விலகின. குப்பை அஞ்சலை வடிகட்டவும் திருட்டு நுழைவைத் தடுக்கவும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. அதற்கென்று வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் வாங்குவதும் இல்லை. இன்று அறிவிப்பு வராதவர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது.

கேள்வி: இரண்டு மாதத்தில் பெட்டியை மூடுகிறோம் என்று எங்கள் இணைய நிறுவனம் எழுதியிருக்கிறது ஐயா. 2001 முதல் உள்ள கடிதங்கள் அதில் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, செந்தூல்

பதில்: எல்லாரும் கடிதங்களைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். கடிதங்களை ஒரு வார இறுதியில் பிரதி எடுத்துவிடலாம். அதைவிட அவசரமானது, அந்த முகவரியைக் கொடுத்து நீங்கள் திறந்த மற்ற கணக்குகள்: வங்கி, வருமான வரி, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), ஆப்பிள், ஃபேஸ்புக். பழைய முகவரி ஒரு சாவிக்கொத்து. கடவுச்சொல் மறந்தால் இவை எல்லாம் மீட்பு இணைப்பை அந்தப் பெட்டிக்குத்தான் அனுப்பும். பெட்டி மூடிய பிறகு முகவரியை மாற்றப் போனால், 'உங்கள் பழைய முகவரிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே இடுங்கள்' என்ற இடத்தில் பல தளங்கள் உங்களை நிறுத்திவிடும்.

அதனால் இன்றே புதிய முகவரி ஒன்றைத் திறந்துவிடுங்கள். இந்த வாரமே எல்லாக் கடிதங்களையும் உங்கள் கணினிக்குப் பிரதி எடுங்கள். வழி அடுத்த பதிலில் இருக்கிறது. மீதி ஏழு வாரங்களையும் கணக்குகளை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கடிதம் அனுப்பும் காப்புறுதி நிறுவனம், டொமைன் (சொந்த இணையப் பெயர்) புதுப்பிப்பு போன்றவை நினைவுக்கு வரவே நாள் பிடிக்கும். பழைய பெட்டியில் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் இணைய இணைப்பையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடவும் வேண்டாம். இணைப்பை ரத்து செய்த நாளிலேயே அதோடு சேர்ந்த பெட்டியும் மூடப்படலாம். இரண்டு மாத அவகாசம் இணைப்பு உள்ளவர்களுக்குத்தான்.

கேள்வி: கடிதங்களைக் கணினிக்கு இறக்குவதற்குச் சரியான முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். ஆறு கோப்புறைகளில் ஏறக்குறைய 7 ஜிபி இருக்கிறது.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: நாங்கள் பரிந்துரைப்பது தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கடிதங்களைக் கணினிக்குக் கொண்டுவர ஐமேப், பாப்3 என்று இரண்டு முறைகள் உண்டு. முதலில் உங்கள் நிறுவனம் ஐமேப் தருகிறதா, பாப்3 மட்டும்தானா என்று அதன் உதவிப் பக்கத்தில் பாருங்கள். இந்த ஒரு விவரத்தில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது. பாப்3 'இன்பாக்ஸ்' ஒன்றை மட்டுமே இறக்கும். நீங்கள் அனுப்பியவையும், தனியாகப் பிரித்து வைத்த ஆறு கோப்புறைகளும் வராது. ஐமேப் எல்லாவற்றையும் காட்டும். தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்க்கும்போது இரண்டும் கிடைத்தால் ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள். தானாக அமையாவிட்டால் கையால் நிரப்பலாம்: உள்வரும் சர்வர் போர்ட் 993, எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், வெளிச்செல்லும் சர்வர் போர்ட் 465 அல்லது 587. சர்வர் பெயர் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும்.

கணக்கு சேர்ந்ததும் அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'சப்ஸ்கிரைப்' பட்டியலைத் திறந்து, எல்லாக் கோப்புறைகளுக்கும் குறியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாத கோப்புறை கண்ணிலேயே படாது. 'இவ்வளவுதான் இருந்தது போல' என்று நினைத்து விட்டுவிடுவது இங்கேதான்.

அடுத்து அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதி. கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திருக்கும்படி சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். வயது வரம்பில்லாமல் எல்லாக் கடிதங்களும் என்று தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டதை இறக்காதே என்ற வரம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தலைப்பு மட்டும் கணினிக்கு வந்து, உள்ளடக்கமும் இணைத்த கோப்புகளும் சர்வரிலேயே தங்கக்கூடும். பட்டியல் முழுதாகத் தெரிவதால் எல்லாம் வந்துவிட்டது என்றே தோன்றும். பிறகு ஃபைல் மெனுவில் 'ஆஃப்லைன்', அதற்குள் 'டவுன்லோட்/சிங்க் நவ்'. 7 ஜிபி என்றால் இரவு முழுக்க விட்டு வையுங்கள். உங்கள் வீட்டு இணைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் பழைய சர்வர் மெதுவாகத்தான் கொடுக்கும். கணினி தூங்கிப்போகாதபடி பவர் அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

இதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது சர்வரின் நிழல் மட்டுமே. நாளை நிறுவனம் பெட்டியைக் காலி செய்தால், தண்டர்பேர்ட் அடுத்த முறை சர்வரைத் தொடும்போது கணினியில் உள்ளதையும் காலி செய்துவிடும். ஆகவே ஒவ்வொரு கோப்புறையையும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். கோப்புறையைத் திறந்து கண்ட்ரோல்-ஏ அழுத்தி, வலது கிளிக் செய்து, 'காப்பி டு' வழியாக லோக்கல் ஃபோல்டர்ஸில் அதே பெயரில் உருவாக்கிய கோப்புறைக்கு அனுப்புங்கள். 'மூவ்' வேண்டாம், 'காப்பி' மட்டும். கடிதங்களைச் சுட்டியால் இழுத்துப் போட்டால் அது நகர்த்தலாகிவிடும். பாதியில் இணைப்பு அறுந்தால் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு ஆயிரம் கடிதங்கள் அளவில் பிரித்துச் செய்வது நிதானமானது.

சரிபார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள மொத்த எண்ணிக்கையை வலைப் பெட்டியில் தெரியும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் மிகப் பழைய கடிதம், மிகப் புதிய கடிதம், படமோ பிடிஎஃபோ இணைத்த ஒரு கடிதம் ஆகிய மூன்றைத் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமல் அந்தப் படமோ பிடிஎஃபோ திறந்தால் அது உண்மையிலேயே உங்களிடம் இருக்கிறது.

கடைசியில் தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் 'புரொஃபைல்' கோப்புறையை வெளி வட்டில் பிரதி எடுங்கள். உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் அந்தக் கோப்புறையைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. பென்டிரைவ் எஃப்ஏடி32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் ஏறாது. ஒரு கோப்புறையின் கடிதங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பாக இருப்பதால் இது அடிக்கடி இடிக்கும். இஎக்ஸ்ஃபேட் அமைப்புக்கு மாற்றிய வட்டைப் பயன்படுத்துங்கள். தண்டர்பேர்டின் சொந்த 'எக்ஸ்போர்ட்' வசதி 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலை ஏற்காது, அதனால் உங்கள் அளவுக்கு அது உதவாது. இரண்டு பிரதிகள், இரண்டு வட்டுகளில். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த வைரஸ் கடிதங்கள் பழைய பெட்டிகளில் இன்னும் கிடக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் அதில் ஒன்றைக் கண்டால், அந்த ஒரு கடிதத்தோடு நிற்காமல் இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் பிடித்து அடைத்துவிடக்கூடும். இன்பாக்ஸ் திடீரென்று வெறுமையானால் முதலில் வைரஸ் தடுப்பு மென்பொருளின் 'குவாரண்டைன்' பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: நிறுவனம் ஓராண்டுக்குத் தானியங்கி முன்னனுப்பல் தருகிறதாம். அது போதாதா?
– வாசகர், கெப்போங்

பதில்: புதிதாக வரும் கடிதங்களுக்கு மட்டும் போதும். பழையவை நகராது. முன்னனுப்பலை உடனே போடுங்கள், அதோடு அதை ஒரு துப்பறியும் கருவியாகப் பயன்படுத்துங்கள். புதிய பெட்டியில் ஒரு வடிகட்டி அமைத்து, பழைய முகவரி வழியாக வருபவற்றைத் தனிக் கோப்புறையில் விழச் செய்யுங்கள். அதில் விழும் ஒவ்வொரு கடிதமும் நீங்கள் இன்னும் மாற்றாத ஒரு கணக்கைக் காட்டிக்கொடுக்கிறது.

பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக உங்கள் புதிய முகவரிக்கே 'ஃபார்வர்ட்' செய்யலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள். செய்யாதீர்கள். எல்லாம் நீங்களே இன்று அனுப்பியதாகப் பதிவாகும். அசல் தேதியும் அனுப்பியவர் விவரமும் அடியில் வெறும் எழுத்தாகக் கிடக்கும், தேதிப்படி தேடவும் முடியாது.

கேள்வி: நான் எப்போதும் பழைய கணினியில் விண்டோஸ் லைவ் மெயில் வழியாகத்தான் படித்தேன். இப்போது வலைப் பெட்டியைத் திறந்தால் பத்துக் கடிதம்கூட இல்லை. மற்றவை தொலைந்துவிட்டனவா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தொலையவில்லை. உங்கள் கணக்கு பாப்3 முறையில் இருந்திருக்கும். இறக்கியதும் சர்வரிலிருந்து நீக்குவது அதன் வழக்கம். உங்கள் கடிதங்களின் ஒரே பிரதி அந்தப் பழைய கணினியின் வட்டில் இருக்கிறது. அதனால் சேவை மூடும் தேதியைவிட அந்த வட்டின் ஆயுள்தான் உங்களுக்கு முக்கியம். கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்யவோ, விண்டோஸை மேம்படுத்தவோ இப்போது விடாதீர்கள்.

விண்டோஸ் லைவ் மெயிலில் ஃபைல் மெனுவுக்குள் 'எக்ஸ்போர்ட் இமெயில்', அதில் 'இமெயில் மெசேஜஸ்', அதில் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் லைவ் மெயில்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வெளி வட்டில் ஒரு வெற்றுக் கோப்புறையைக் காட்டுங்கள். ஒவ்வொரு கடிதமும் இஎம்எல் என்ற வகைக் கோப்பாக வந்து சேரும். 'சென்ட்' கோப்புறையும் சேர்ந்து வந்ததா என்று பாருங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர்கள் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து வெளியே ஒரு கோப்புறையில் இழுத்துப் போட்டாலே இஎம்எல் கோப்புகளாகிவிடும்.

புதிய கணினியில் தண்டர்பேர்டோடு 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' என்ற துணைநிரலைச் சேர்த்து, லோக்கல் ஃபோல்டர்ஸ்மேல் வலது கிளிக் செய்தால் ஒரு கோப்புறையில் உள்ள எல்லா இஎம்எல் கோப்புகளையும் உள்கோப்புறைகளோடு சேர்த்து எடுக்கும் வசதி கிடைக்கும்.

அவுட்லுக் உள்ளவர்களும் கவனியுங்கள். பழைய வகை அவுட்லுக்கில் பாப்3 கணக்கு பிஎஸ்டி கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே எடுத்து வேறு கணினியில் திறக்கலாம். ஐமேப் கணக்கு ஓஎஸ்டி கோப்பில் இருக்கும்; அதைப் பிரதி எடுத்து வைத்தாலும் வேறு இடத்தில் திறக்காது. ஃபைல், 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' வழியாகப் பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கேள்வி: 1999, 2000ஆம் ஆண்டுகளில் தமிழில் எழுதிக்கொண்ட கடிதங்கள் இப்போது புரியாத குறிகளாகத் தெரிகின்றன. இவற்றை நகர்த்துவதில் பயன் உண்டா?
– வாசகி, ஜாலான் ஈப்போ

பதில்: கட்டாயம் நகர்த்துங்கள் அம்மா. அவை கெட்டுப்போகவில்லை. யுனிகோட் பரவுவதற்கு முன் நாம் திஸ்கி போன்ற குறியாக்கங்களில் எழுதினோம். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புள்ளியும் கோடும் மேலே வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். கணினி குறியாக்கத்தைத் தவறாக ஊகித்தால் சீன எழுத்துகளாகக்கூடத் தெரியலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி கடிதத்தின் உள்ளே பதிந்து வைத்திருக்கும் எண்கள் மாறாமல் இருக்கும்வரை அத்தனையும் திரும்பக் கிடைக்கும்.

ஆபத்து நகர்த்தும் முறையில் இருக்கிறது. மேலே சொன்னபடி தண்டர்பேர்டில் 'காப்பி' செய்தாலோ இஎம்எல் கோப்பாக எடுத்தாலோ எண்கள் அப்படியே வரும். திரையில் தெரிவதைப் படமெடுத்தாலோ பிடிஎஃபாக அச்சிட்டாலோ அந்த எண்கள் கூடவே வராமல் போகலாம். வேறொருவருக்கு ஃபார்வர்ட் செய்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். ஒருமுறை கேள்விக்குறியாகப் பதிவானால் மீட்க வழியில்லை. வலைப் பெட்டியில் கேள்விக்குறிகளாகத் தெரிந்தாலும் உடனே மனம் தளராதீர்கள். தண்டர்பேர்டில் 'மெசேஜ் சோர்ஸ்' திறந்து பார்த்தால் அசல் பத்திரமாக இருக்கலாம்.

படிப்பதற்கு, கடிதத்தின் உரையை எடுத்து 'பொங்குதமிழ்' போன்ற மாற்றியில் இட்டு, திஸ்கி என்று தேர்ந்தெடுத்தால் யுனிகோடில் கிடைக்கும். பொருந்தவில்லை என்றால் டாப், டாம், அஞ்சல் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்துருவில்தான் எழுதினார்கள். மாற்றிய உரையைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அசலை அழிக்க வேண்டாம். மலேசியத் தமிழர்கள் இணையத்தில் தமிழில் பேசத் தொடங்கிய காலத்தின் சான்றுகள் இப்படிப்பட்ட தனிப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. பழைய கடிதம் வைத்திருக்கும் எல்லா வாசகர்களையும் இதற்காகத் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

முகவரிப் புத்தகத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சிஎஸ்வி கோப்பாக எடுத்த பெயர்ப் பட்டியலை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குழம்பித் தெரியலாம். அந்த நிலையில் 'சேவ்' அழுத்தினால் குழப்பம் நிரந்தரமாகிவிடும். திறக்காமலே புதிய பெட்டியில் ஏற்றுங்கள். விகார்ட் வகையில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கே ஏற்றிவிட்டால் என்ன?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: ஏற்றலாம். வட்டில் ஒரு பிரதி எடுத்த பிறகு ஏற்றுங்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி கூகள் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். கைப்பேசிப் படங்கள் ஏற்கெனவே 12 ஜிபி பிடித்திருந்தால், 7 ஜிபி கடிதம் ஏறும்போது பாதியில் நிரம்பி, புதிதாக வரும் கடிதங்களும் திரும்பிப் போகும். முதலில் இடத்தைப் பாருங்கள்.

ஜிமெயிலே பழைய பெட்டிக்குள் போய் பாப்3 வழியாகக் கடிதங்களை இழுத்து வரும் வசதியைத்தான் பல பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2026 ஜனவரி முதல் அதற்கு ஆதரவு இல்லை என்று கூகள் அறிவித்துவிட்டது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தண்டர்பேர்டில் ஜிமெயில் கணக்கையும் சேருங்கள். உலாவிச் சாளரம் ஒன்று திறந்து கூகளிலேயே நுழையச் சொல்லும். ஜிமெயிலில் 'பழைய பெட்டி' என்று ஒரு லேபிள் உருவாக்கி, லோக்கல் ஃபோல்டர்ஸிலிருந்து அதற்குள் பிரதி எடுங்கள். தேதியும் அனுப்பியவர் பெயரும் மாறாது. தவறு நேர்ந்தால் அந்த லேபிளில் உள்ளதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அவசரப்படாதீர்கள். கூகள் நிறுவனங்களுக்கான தன் வொர்க்ஸ்பேஸ் கணக்குகளுக்கு ஐமேப் வழியாக நாளொன்றுக்கு 500 எம்பி ஏற்றலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 7 ஜிபிக்கு இரண்டு வாரம் ஆகும். வரம்பைத் தாண்டினால் கணக்கு சில மணி நேரம் பூட்டப்படலாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஏறி முடிந்தபின் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம், ஒரே கடிதத்தின் இரட்டைப் பிரதிகளை ஜிமெயில் ஒன்றாக வைத்துக்கொள்ளும்.

இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கைக் கூகள் நீக்கக்கூடும். பழைய கடிதங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்துவிட்டு மறந்துபோவது நல்ல யோசனை அல்ல.

கேள்வி: அந்த முகவரியை எங்கெங்கே கொடுத்தேன் என்றே நினைவில்லை. எங்கள் ஆலயத்தின் பதிவுக்கும் என் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறோம்.
– ஆலயச் செயலாளர், கோலாலம்பூர்

பதில்: பெட்டியே உங்களுக்குச் சொல்லும். 'வெல்கம்', 'வெரிஃபை', 'பாஸ்வேர்ட்', 'இன்வாய்ஸ்', 'ஸ்டேட்மென்ட்' என்று தேடுங்கள். நம் நாட்டுச் சேவைகளுக்கு மலாய்ச் சொற்களையும் போட வேண்டும்: பென்யாத்தா, ரெசிட், காத்தா லாலுவான், பெங்கெசாஹான், அக்கவுன். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொல் பட்டியலைத் திறந்தால், பயனர் பெயராகப் பழைய முகவரி உள்ள எல்லாத் தளங்களும் வரிசையாகத் தெரியும்.

வங்கிகள் முதலில். சில வங்கிகளில் செயலியிலேயே மாற்றலாம், சில கிளைக்கு வரச் சொல்லும். மைகார்ட் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்து வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ், இபிஎஃபின் ஐ-அக்கவுன், பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு). பிறகு மின்சாரம், குடிநீர், காப்புறுதி, டச் என் கோ. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் மூன்றிலும் வரிசை முக்கியம்: புதிய முகவரியைச் சேர்த்து, உறுதிப்படுத்தி, அதை முதன்மையாக்கி, அதன் பிறகே பழையதை நீக்க வேண்டும். வாட்ஸ்அப்பின் இரண்டடுக்குப் பாதுகாப்புக்குக் கொடுத்த மீட்பு முகவரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்றி முடித்த ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்து பாருங்கள்.

ஆலய விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள் ஐயா. சங்கப் பதிவகத்தின் இ-ரோசஸ் கணக்கு உங்கள் தனி முகவரியில் இருந்தால், ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் நேரத்தில் நுழைய முடியாமல் போகலாம். ஆலயத்தின் பெயரிலேயே ஒரு முகவரி திறந்து, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்கும் மீட்பு வழி தெரியும்படி வையுங்கள். நிர்வாகம் மாறினாலும் முகவரி மாறாது.

வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு சொல்: வருமான வரிக்கான ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த விலைப்பட்டியல்களும் ரசீதுகளும் அதில் சேரும்.

கேள்வி: லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருக்கிறோம். பெயர் அட்டை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் பழைய முகவரிதான். மறுபடியும் இப்படி ஆகாமல் இருக்க என்ன வழி?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: சொந்த டொமைன் வாங்குங்கள். எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு இருப்பதால் டாட் காம் டாட் எம்ஒய் உங்களுக்குக் கிடைக்கும். முகவரி உங்களுடையதாக இருந்தால், பின்னால் கடிதம் தாங்கும் நிறுவனத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. டொமைனைக் கடையின் பெயரில் பதிவு செய்யுங்கள், அமைத்துக் கொடுக்கும் ஆளின் பெயரில் அல்ல. அந்தப் பதிவுக்குக் கொடுக்கும் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் நினைவூட்டல் கடிதமும் வராமல் போய்விடும்.

அமைக்கும்போது, கடிதம் எங்கே வந்து சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவோடு, கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல், அனுப்பும் டொமைன் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று கண்டிப்பாக்கிவிட்டன. இல்லாவிட்டால் உங்கள் விலைப்பட்டியல் குப்பைப் பெட்டியில் விழும், அல்லது திரும்பி வரும். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதிய சேவைக்கென்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். பழைய வரியிலேயே புதியதையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 'உங்கள் பெட்டி 24 மணி நேரத்தில் மூடப்படும், இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை உறுதி செய்க' என்று வந்தது. என் தந்தை போட்டுவிட்டார்.
– வாசகி, செராஸ்

பதில்: உண்மையான அறிவிப்பு கடவுச்சொல்லைக் கேட்காது. நிறுவனத்தின் தள முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதோடு விட்டால் போதாது. வலைப் பெட்டியின் அமைப்பில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பாருங்கள். வங்கிக் கடிதங்கள் தங்களுக்கு வரும்படி திருடர்கள் அங்கே ஒரு விதி எழுதி வைப்பார்கள். கடவுச்சொல் மாறினாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினாரோ அங்கெல்லாமும் மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். செயலி ஒன்றை ஏபிகே கோப்பாக இறக்கச் சொல்லியிருந்தால் கைப்பேசியின் இணையத்தை முதலில் துண்டியுங்கள். தந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள், சேவை உண்மையிலேயே மூடப்படும் காலத்தில் இப்படிப்பட்ட கடிதம் யாரையும் நம்ப வைக்கும்.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான்.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: நம்பகமான உறவினரின் கணினியை ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். ஐஃபோன் மெயிலில் இரண்டு கணக்குகளையும் சேர்த்து ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்த முடியும். ஆனால் அது நகர்த்தல், பிரதி அல்ல. சில பத்து முக்கியக் கடிதங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கைப்பேசியிலிருந்து பழைய கணக்கை நீக்கினால் அதில் தெரியும் கடிதங்களும் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூடும் தேதி போன வாரமே முடிந்துவிட்டது. தண்டர்பேர்டில் கணக்கு இன்னும் இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், பிறை

பதில்: தண்டர்பேர்டை இப்போது திறக்காதீர்கள். முதலில் வைஃபையை அணையுங்கள், கம்பியையும் கழற்றுங்கள். தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போதே புரொஃபைல் கோப்புறையை முழுதாக வேறு வட்டில் பிரதி எடுங்கள். விண்டோஸில் அது பயனர் கோப்புறையின் ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ் என்ற வரிசையில் உள்ளே இருக்கும். ஆப்டேட்டா மறைவாக இருப்பதால் மறைந்தவற்றைக் காட்டும்படி அமைக்க வேண்டும். பிறகு இணையம் இல்லாமலே தண்டர்பேர்டைத் திறந்து, ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ளதை லோக்கல் ஃபோல்டர்ஸுக்குப் பிரதி எடுங்கள். சர்வர் பதிலே சொல்லாமல் போயிருந்தால் கணினியில் உள்ளவை அப்படியே இருக்கும். வெறும் பெட்டியைக் காட்டினால்தான் அழியும். அதனால்தான் துண்டிக்கச் சொல்கிறோம்.

வீட்டில் வேறு கணினியிலோ பழைய கைப்பேசியிலோ இதே கணக்கு இருந்தால் அவற்றையும் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பாருங்கள். அதே நாளில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள்: பெட்டி முடக்கப்பட்டிருக்கிறதா, அழிக்கப்பட்டுவிட்டதா, சில நாட்கள் திறந்து தர முடியுமா என்று. முடக்குவதற்கும் அழிப்பதற்கும் இடையே பல நிறுவனங்கள் சிறிது காலம் விடுவதுண்டு. பதில் வராவிட்டாலோ முன்னறிவிப்பே உங்களுக்கு வரவில்லை என்றாலோ மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். கணக்கு எண்ணும் நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியும் தேவைப்படும்.